எல் சால்வடார்ல பிட்காயினை காசுன்னு சட்டம் போட்டாங்களே, அது என்னாச்சு?

வெண்ணாத்தங்கரை:
திருத்துறைப்பூண்டி பக்கம் நம்ம ஊரு. அண்ணன் சிங்கப்பூர்ல இருக்கான், அவன் அனுப்புற காசுலதான் குறுவைக்கு உழவு, நடவு, உரம் எல்லாம் ஓடுது. ரூம்ல யாரோ அவன்கிட்ட சொல்லிருக்காங்க, பிட்காயினா (இணையத்துல மட்டும் ஓடுற டிஜிட்டல் காசு) அனுப்பு, கமிஷனே கிடையாது, மத்திய அமெரிக்காவுல எல் சால்வடார்ங்கிற நாட்டுல அரசாங்கமே அதை காசா ஆக்கிருச்சுன்னு. அப்பா பயப்படுறாரு. நிஜமாவே அங்க ஜனங்க அதுலதான் மளிகை வாங்குறாங்களா?

மன்னை_கணக்கு:
தம்பி, 2021 செப்டம்பர் 7ல அந்த சட்டம் அமலுக்கு வந்துச்சு, அதிபர் புக்கேலே கொண்டுவந்தது. காரணம் நம்ம ஊரு கதையேதான். அமெரிக்காவுல இருக்குற சொந்தக்காரங்க அனுப்புற காசு அந்த நாட்டு வருமானத்துல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு, கமிஷன் மிச்சமாகும், பேங்க் கணக்கு இல்லாதவங்களுக்கும் போன்லயே காசு வரும்னாங்க. சிவோன்னு ஒரு ஆப் விட்டு, சேர்ந்தா 30 டாலர் இலவசம்னாங்க. பாதிக்கு மேல பேர் அந்த 30 டாலரை செலவு பண்ணிட்டு ஆப்பை அப்புறம் தொடவே இல்ல. சில பேர் சேரப் போனா அவங்க அடையாள அட்டை நம்பர்ல ஏற்கனவே வேற எவனோ சேர்ந்து காசை எடுத்துட்டுப் போயிருக்கான், வயித்தெரிச்சல். வெளிநாட்டுக் காசுல பிட்காயின் மாதிரி கிரிப்டோ காசு வழியா வந்தது 2022ல 100க்கு 2 கூட இல்ல.

விலையையும் பாரு. ஒரு பிட்காயின் 2021 நவம்பர்ல 68,000 டாலர், அடுத்த நவம்பர்ல 16,000 பக்கம். 300 டாலருக்கு வந்ததை மாத்தாம வச்சிருந்தவங்க கையில 70தான் மிச்சம். நடவு ஆளுக்கு சாயங்காலம் கூலி கொடுக்குறப்ப விலை ஏறட்டும் இருங்கன்னு சொல்ல முடியுமா?

ராஜாமடம்_தம்பி:
அண்ணே ஒரு பக்கமாவே பேசுறீங்க. வந்தவுடனே டாலரா மாத்திக்கிற வசதி இருந்துச்சு, அதுக்குன்னே 15 கோடி டாலர் ஒதுக்குனாங்க. அங்க எல் சோன்டேன்னு ஒரு கடற்கரை ஊர்ல சட்டத்துக்கு முன்னாடியே ஜனங்க தானா புழங்குனாங்க. கடைக்காரங்க வாங்கியே ஆகணும்னு 7வது பிரிவுல போட்டதுதான் தப்பு, அதுக்கும் சேர்த்துதான் ஜனங்க தெருவுக்கு வந்தாங்க. அரசாங்கம் வாங்கி வச்ச பிட்காயின் 2024ல விலை ஏறினப்ப லாபத்துக்கும் வந்துச்சே?

மன்னை_கணக்கு:
கட்டாயம் தப்புங்கிறது சரிதான்பா. ஆனா கஜானாவுக்கு வந்த லாபம் காய்கறி விக்கிற அம்மாவுக்கு என்ன பண்ணுச்சு, அவங்களுக்காகத்தானே கொண்டுவந்தேன்னாங்க? கடைசியில ஐஎம்எஃப்கிட்ட (நாடுகளுக்குக் கடன் கொடுக்குற சர்வதேச நாணய நிதியம்) 140 கோடி டாலர் கடனுக்காக 2025 ஜனவரியில சட்டத்தையே திருத்திட்டாங்க, இஷ்டப்பட்ட கடைக்காரங்க மட்டும் பிட்காயினை வாங்கிக்கலாம், வரி டாலர்லதான் கட்டணும். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசும் 2022ல சட்டம் போட்டு அடுத்த வருஷமே வாபஸ் வாங்கிருச்சு.

கும்மோணத்துப்_பொண்ணு:
நான் பேங்க்ல வேலை பாக்குறேன், தம்பி தயவுசெஞ்சு கேளுப்பா. பிட்காயின் வந்தா அதை ரூபாயா மாத்தணும்ல, ஆளுக்கு ஆள் நேரா விக்கிறப்ப முன்னபின்ன தெரியாத யாரோ உன் கணக்குல பணம் போடுவான், அது மோசடிப் பணமா இருந்துட்டா சைபர் கிரைம்ல கணக்கை முடக்கிடுவாங்க. கொள்முதல் நிலையத்துல நெல் போட்ட காசும் அதே கணக்குலதான் வரும், அதையும் எடுக்க முடியாம நிப்பீங்க. 2022 ஏப்ரல்லேர்ந்து லாபத்துக்கு 30 சதவீதம் வரி வேற.

கமிஷன்தான் கவலைன்னா, சிங்கப்பூர்ல போன்லயே காசு அனுப்புற பேநவ்வும் நம்ம யுபிஐயும் 2023 பிப்ரவரியிலயே இணைச்சுட்டாங்க, ஐஓபி, இந்தியன் வங்கி ரெண்டும் அதுல உண்டு. அண்ணனை அவரு பேங்க் ஆப்புல அந்த வசதி இருக்கான்னு பாக்கச் சொல்லு, இல்லன்னா லைசென்ஸ் உள்ள ரெமிட்டன்ஸ் கடையில ரேட்டையும் கமிஷனையும் சேர்த்து கேட்டு அனுப்பச் சொல்லு. உண்டியல்ல (லைசென்ஸ் இல்லாம ஆள் மூலமா காசு அனுப்புற வழி) மட்டும் போடவே வேணாம்.