முறைமைப் பொறியியல் முதுமாணி: முதல் தவணைக்குப் பின் ஒரு புதுப்பிப்பு

திருகோணமலையில் பார்க்கும் வேலையை விடாமல், அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் முறைமைப் பொறியியல் (Systems Engineering: சிக்கலான ஓர் அமைப்பின் உறுப்புகள் அனைத்தையும் ஒன்றாக வைத்து வடிவமைக்கும் துறை) முதுமாணிப் பட்டத்தை இணையவழியில் பயில முடியுமா என்று முன்னர் கேட்டிருந்தேன். அப்பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று முதலில் உறுதிப்படுத்தச் சொன்னவர்களுக்கு நன்றி. அவ்வாறே செய்து சேர்ந்தேன், முதல் தவணையும் முடிந்துவிட்டது.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் நேரடி விரிவுரை நமக்குக் கோடையில் அதிகாலை 4.30, நவம்பருக்குப் பின் 5.30. பதிவுசெய்த விரிவுரைகள் இருந்தாலும், கேள்வி கேட்கக் கிடைக்கும் அந்த நேரத்தை நான் விடுவதில்லை.

பாடத்தில் என்னை மிகவும் ஈர்த்தது, சொன்னபடி கட்டினோமா என்ற சரிபார்ப்பையும் தேவையானதைத்தான் கட்டினோமா என்ற ஏற்புறுதியையும் பிரித்துப் பார்க்கும் ஒழுங்கு. தவணை ஆய்வுக்கு, 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்த கந்தளாய்க் குளக்கட்டை எடுத்துக்கொண்டேன். அணைக்கட்டை மண்ணும் கல்லுமாக மட்டும் பார்த்தால் போதாது. கட்டின் மேல் செல்லும் வண்டிகள், கசிவைக் கவனிப்பவர், அவரது செய்தியைக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய அலுவலகம், கீழே உறங்கும் குடும்பங்களுக்கு எச்சரிக்கை சென்றடையும் வழி ஆகிய அனைத்தும் ஒரே முறைமையின் உறுப்புகள் என்றே எழுதினேன். நம் மாவட்டத்துப் பொறியியலாளர்கள் இப்பார்வையைக் கட்டாயம் பயில வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சான்றிதழ் பற்றிக் கேட்டவர்களுக்கு: முறைமைப் பொறியியலாளர்களின் பன்னாட்டு அமைப்பான இன்கோசே (INCOSE) வழங்கும் தொடக்கநிலைச் சான்றிதழான ஏசெப்புக்கு (ASEP) பணி அனுபவம் தேவையில்லை, அதற்கு அடுத்த நிலையான சீசெப்புக்குக் (CSEP) குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும்.