காட்டோரத் தோட்டம், குரங்கு மலேரியா, கிட்னி: கோலா லிப்பிஸ் பக்கத்து அனுபவங்கள்

முன்னாள் எச்.ஏ. (ஆஸ்பத்திரி உதவியாளர்):
பழைய தோட்டங்கள் வீட்டுமனையானதும் கிள்ளான், சிரம்பான் பக்கம் போன குடும்பத்துப் பையன்கள், இப்போ ஒப்பந்த வேலைக்கு இங்கே பகாங் மாநிலம் கோலா லிப்பிஸ் பக்கத்துக் காட்டோரச் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கு வர்றாங்க. அந்தி நேரத்துல வெளியே உட்கார்ந்தா கொசு கடிக்கும். கொசு கடிச்சது லிப்பிஸ்ல, காய்ச்சல் வர்றது பத்துப் பன்னிரண்டு நாள் கழிச்சு லீவுக்குப் போன ஊர்ல. டவுன் கிளினிக்ல முதல்ல டெங்கின்னுதான் நினைப்பாங்க; பிளேட்லெட் இரண்டுலயும் இறங்குமே. அதனால கவுண்டர்லயே சொல்லிடுங்க: "காட்டோரத்துல வேலை, குரங்கு நடமாட்டம் உண்டு, பி.எஃப்.எம்.பி. (மலேரியாக் கிருமிக்கான ரத்த ஸ்லைடு) எடுங்க." மனுசனுக்கு மனுசன் பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியாவுல 2018 முதல் இல்லைதான். இது குரங்குகிட்டேருந்து கொசு வழியா வர்றது, 'நோலெசி'ங்கிற மலேரியா வகை.

லேப்காரர்:
அண்ணே, கார்டு டெஸ்ட் (உடனடி மலேரியாச் சோதனை) நெகட்டிவ்னா விட்டுடக் கூடாது, நோலெசியைப் பலமுறை தவறவிடும். ஸ்லைடுல பார்த்தாலும் 'மலேரியே'ங்கிற இன்னொரு மலேரியா வகை மாதிரியே இருக்கும். கிருமியோட மரபணுவைப் பார்க்கிற பிசிஆர்தான் பிரிச்சுக் காட்டும். மலேரியே 72 மணிக்கு ஒரு சுற்று பெருகும், நோலெசிக்கு 24 மணி போதும். "சாதா வகைதான், நாளைக்குப் பார்க்கலாம்"னு தள்ளிப் போட்டா ஒரே நாள்ல கிருமி ஏறிடும். முதல் ஸ்லைடு சுத்தமா இருந்தும் காய்ச்சல் விடலைன்னா 12 மணி நேரம் கழிச்சு மறுபடி எடுக்கச் சொல்லுங்க.

டயாலிசிஸ் நர்ஸ்:
கிட்னி கெடுறது இப்படி: சிவப்பணு உடைஞ்சு கொட்டுற ஹீமோகுளோபின் நுண்குழாய்களைக் கெடுக்கும், காய்ச்சல், வாந்தியில தண்ணீர் வற்றினா இன்னும் மோசம். சிறுநீர் கோப்பி ஓ (பால் விடாத கோப்பி) நிறத்துல போனா உடனே எமர்ஜென்சி. அளவு பார்க்க, 1.5 லிட்டர் தண்ணீர் போத்தல்ல பிடிச்சுக் கோடு போடுங்க. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லி.யாவது வரணும், ஆறு மணி நேரத்துல 180-க்குக் கீழே போனா காத்திருக்காதீங்க. சிறுநீர் நின்னுபோன பிறகு தண்ணீரை ஊத்தினா நுரையீரல்லதான் தேங்கும்.

உடம்பு வலிக்குதுன்னு பொன்ஸ்தான் மாத்திரை, வோல்டரன் ஊசி மாதிரி வலி மருந்து எடுக்கிறதுதான் கிட்னிக்கு நான் அதிகம் பார்க்கிற கெடுதல். பாராசிட்டமால் போதும்.

ரத்தத்துல கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) லிட்டருக்கு 265 மைக்ரோமோலைத் தாண்டினா கடும் மலேரியாக் கணக்கு: ஆர்டிசுனேட்ங்கிற மலேரியா மருந்து ஊசி, பெரியவங்களுக்கு கிலோவுக்கு 2.4 மி.கி., தொடக்கத்துல, 12, 24 மணி நேரம் கழிச்சு, பிறகு தினம் ஒன்று. சிலருக்குச் சில நாள் டயாலிசிஸ் தேவைப்படும். பெரும்பாலும் கிட்னி திரும்பிடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்த இங்கேயிருந்து சாலையிலயே மணிக்கணக்கு ஆகுதே, கிள்ளான்ல இருக்கிறவங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

முன்னாள் எச்.ஏ.:
எலிக் காய்ச்சலும் இதே மாதிரி கிட்னியைப் பிடிக்கும், கண் மஞ்சளாகும். இரண்டுக்கும் சேர்த்தே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கம்மா.