மறு: ‘செயல்திறன் சமநிலை’ சரிதானா? – ‘ஈடாக்கம்’ என்றொரு முன்மொழிவு

> பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸுக்குச் ‘செயல்திறன் சமநிலை’ என்றே வைத்துவிடலாமே. யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. கார்ப் பந்தயத்தில் வேறுவேறு வகைக் கார்களை எடை, திறன் வரம்புகள் வைத்து ஒன்றுக்கொன்று ஈடாக ஓடவைக்கும் ஏற்பாட்டுக்குத்தானே தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணிநேரக் கார்ப் பந்தயத்தின் மேல்பிரிவான ஹைப்பர்கார் பிரிவையே பாருங்கள். கேடிலாக் காரில் டர்போ இல்லாத 5.5 லிட்டர் வி8 எஞ்சின். ஃபெராரியில் இரட்டை டர்போ வைத்த 3 லிட்டர் வி6. ஃபெராரிக்கும் டொயோட்டாவுக்கும் மின்மோட்டார் முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. கேடிலாக்கிலும், 2025 வரை ஓடிய போர்ஷேயிலும் பின்சக்கரங்களை. பிறவியிலேயே வேறுவேறான இந்தக் கார்கள் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து ஓட வேண்டும். அதற்காகப் பந்தயத்துக்கு முன் ஓர் அட்டவணை போடுகிறார்கள்: எந்தக் காருக்குக் குறைந்தபட்ச எடை எவ்வளவு, எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து எத்தனை கிலோவாட் வரை போகலாம், எரிபொருள் நிரப்ப நிற்கும் பிட்டிலிருந்து ஒருமுறை கிளம்பினால் எத்தனை மெகாஜூல் செலவழிக்கலாம்.

சிக்கல் இங்கேதான். நம் இயற்பியல் பாடநூல்களில் வாட் கணக்கில் வருவது திறன், ஜூல் கணக்கில் வருவது ஆற்றல். இரண்டுமே அந்த அட்டவணையின் கட்டங்கள். ‘திறன் சமன்’ என்றால் கிலோவாட்டை மட்டும் சமமாக்கியதாக ஆகிவிடும். ‘ஆற்றல் சமன்’ என்றால் மெகாஜூலை. ‘செயல்திறன்’ என்றதும் எஞ்சின்காரர் எரிபொருள் சிக்கனம் பக்கம் போய்விடுவார். அதோடு ‘சமநிலை’ ஒரு நிலையைச் சொல்வது. இது நிலையல்ல, திரும்பத் திரும்பச் செய்யும் வேலை.

> ‘சீர்தூக்கல்’?

அழகான சொல், தராசும் உள்ளே இருக்கிறது. ஆனால் இன்று ‘சீர்தூக்கிப் பார்’ என்றால் யோசித்து முடிவெடு என்றுதானே பொருள்?

என் முன்மொழிவு ‘ஈடாக்கம்’. ‘அவன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியல’ என்று எல்லோரும் சொல்கிறோம். எதை ஈடாக்குகிறோம் என்று சொல்லுக்குள் திணிக்கவே தேவையில்லை. ‘திறனீடு’ என்று சுருக்கிப் பார்த்தேன். மதிப்பீடு, ஒதுக்கீடு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது, விட்டுவிட்டேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். 2023 லெ மானுக்குச் சில நாள் முன்பு வந்த திருத்தம்: ‘ஈடாக்கத்தில் டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24, கேடிலாக்குக்கு 11, போர்ஷேக்கு 3 கிலோ ஏறியது.’ இடறாமல் படிக்க முடிகிறது. ‘செயல்திறன் சமநிலையில் 37 கிலோ ஏறியது’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். (அந்த ஆண்டு ஃபெராரி ஜெயித்தது, டொயோட்டா இரண்டாவது. அந்த 37 கிலோ நியாயமா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை.)

பக்கத்துச் சொற்கள் இரண்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜெயித்த காருக்கு ஜெயித்ததற்காகவே ஏற்றும் எடை ‘வெற்றிச்சுமை’. அது முடிவைப் பார்த்து ஏற்றுவது. ஈடாக்கம் காரின் இயல்பைப் பார்த்துச் செய்வது. இன்னொன்று, பிரிவுகளுக்கு இடையே வேகத்தைத் தள்ளிவைப்பது. 2021இல் ஹைப்பர்கார் வந்தபோது அதற்கு அடுத்த பிரிவான எல்எம்பி2 கார்களின் திறனைக் குறைத்து எடையைக் கூட்டினார்கள், கீழ்ப்பிரிவு மேல்பிரிவை முந்திவிடக் கூடாதென்று. அங்கே நோக்கமே சமமாக்காமல் இருப்பது! அதை ஈடாக்கம் என்றால் தலைகீழ். ‘பிரிவிடை வேகப்படி’ என்று வைத்திருக்கிறேன், எனக்கே திருப்தியில்லை.

---

> ஈடு என்றால் எங்களுக்கு அடமானம். நகையை ஈடு வைக்கிறோம். காரையும் வைத்துவிடப் போகிறார்கள் 🙂

வைப்பது வேறு, ஆக்குவது வேறு. வினை மாறும்போது பொருளும் மாறிவிடுகிறது. ‘ஈடுகட்டுதல்’ என்பதில் யாரும் வட்டிக்கடையை நினைப்பதில்லையே.

> சரி, ஒப்புக்கொள்கிறேன். ‘சாண்ட்பேக்கிங்’குக்கு என்ன செய்வது? அட்டவணை தனக்குச் சாதகமாக வரட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவது. மணல்மூட்டை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

புலி எதற்குப் பதுங்கும்? ‘பதுங்கோட்டம்’.

> இது பிரமாதம். ஈடாக்கத்தைவிட இது முதலில் பரவிவிடும்.

பரவட்டும். ஒரு வாரத்துக்குள் மறுப்பு வராவிட்டால் ஈடாக்கம், வெற்றிச்சுமை, பதுங்கோட்டம் மூன்றையும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். தேடி வருகிறவர்களுக்காகச் ‘செயல்திறன் சமநிலை’யை மாற்றுச்சொல்லாக விட்டுவைப்போம். ‘பிரிவிடை வேகப்படி’க்கு யாராவது நல்ல சொல் கொடுங்கள்.