27-க்கு 111 படியா, 70-ஆ, 41-ஆ?

கேள்வி:
இரட்டை எண் என்றால் பாதியாக்கு. ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. எங்கே தொடங்கினாலும் 1-க்கு வந்து சேரும் என்கிற ஊகம்தான். 27 எத்தனை படியில் 1-ஐத் தொடும் என்று தேடினால் ஓரிடத்தில் 111, இன்னோரிடத்தில் 70, வேறோரிடத்தில் 41. பெயரும் கொலாட்ஸ், சிராக்யூஸ், உலாம், ககுதானி என்று மாறுகிறது. எல்லாம் ஒரே கணக்கா? ஜாவா மொழியில் எழுதிய என் நிரல் வேறு 113383-இல் தொடங்கினால் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிர்க்காட்டு, அதாவது ஊகத்தைப் பொய்யாக்கும் எண், கிடைத்துவிட்டதா?!

மறுமொழி 1:
ஒரே கணக்குதான், படியை எண்ணும் விதம்தான் வேறு. 27-இன் பாதையில் 41 முறை 3n+1, 70 முறை பாதியாக்கல், மொத்தம் 111. ஒற்றை எண்ணை 3n+1 செய்தால் கட்டாயம் இரட்டை வரும், ஆகவே (3n+1)/2 என்று ஒரே படியாக்கினால் 70. இரட்டை எண்களையே விட்டுவிட்டு ஒற்றையிலிருந்து அடுத்த ஒற்றைக்குத் தாவினால் 41. உச்சமும் (வழியில் வரும் மிகப் பெரிய எண்) அதற்கேற்ப மாறும்: முதல் முறையில் 9232, இரண்டாவதில் 4616, மூன்றாவதில் 3077. எண்ணை மட்டும் ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள், எந்தச் சார்பு (எண்ணை மாற்றும் விதி) என்று முதலில் பாருங்கள்.

மறுமொழி 2:
பெயர்க் கதை: கணிதவியலாளர் லோதார் கொலாட்ஸ் 1930களில் இவ்வகைச் சார்புகளை ஆராய்ந்தாலும் அப்போது அச்சிடவில்லை. கணக்கு வாய்வழியே பரவியது. பரப்பியவர் பெயரெல்லாம் ஒட்டிக்கொண்டது. இன்னொரு கணிதவியலாளர் ஹெல்முட் ஹாஸே சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இதைப் பேசியதால் அந்தப் பெயர். பிரையன் த்வெய்ட்ஸ் 1952-இல் தானே கண்டதாகச் சொல்லி, நிறுவுபவருக்கு 1000 பவுண்டு அறிவித்தார். 'சிராக்யூஸ் சார்பு' என்று சிலர் ஒற்றை எண் தாவலை மட்டும் குறிப்பார்கள். உங்கள் 41 அங்கிருந்து வந்திருக்கலாம்.

மறுமொழி 3:
எதிர்க்காட்டு இல்லை. 2-இன் 68-ஆம் அடுக்கு வரை எல்லா எண்களும் சோதிக்கப்பட்டுவிட்டன. 113383-இன் உச்சம் 248,21,11,348. ஜாவாவின் இன்ட் (int) என்ற முழு எண் வகை 214,74,83,647-ஐத் தாண்டாது. தாண்டியதும் மதிப்பு எதிர்மமாகிவிடும். ஒற்றையா என்று n % 2 == 1 (2-ஆல் வகுத்த மீதி 1-ஆ) கொண்டு பார்த்திருப்பீர்கள்; எதிர்ம ஒற்றைக்கு ஜாவா -1 தரும், சோதனை பொய்யாகும். அதனால் எல்லாவற்றையும் பாதியாக்கி 0-இல் போய்ச் சிக்கும். 0 ஒருபோதும் 1 ஆகாது. இன்னும் பெரிய எண்ணைத் தாங்கும் லாங் (long) வகையைப் போடுங்கள், சோதனையை n % 2 != 0 என்று மாற்றுங்கள். அதற்கும் பெரிய எண்களுக்கு பிக்இன்டிஜர் (BigInteger) வகைதான். பைத்தான் மொழியில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி கேட்டவர்:
லாங் போட்டதும் முடிந்தது. அப்படியானால் எதிர்ம எண்களுக்கு இதே விதியை வைத்தால் எங்கே போகும்?

மறுமொழி 3:
அங்கே தொடங்கிய எண்ணுக்கே திரும்பி வரும் சுழல்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. -1, -2, -1 ஒன்று. -5, -14, -7, -20, -10, -5 இன்னொன்று. -17-இல் தொடங்கும் நீளமான சுழலும் இருக்கிறது. நேர்ம எண்களில் 1, 4, 2, 1 என்ற ஒரே சுழல்தான் என்பதற்கு இன்றுவரை நிறுவல் இல்லை.