டபுள் ஸ்டாண்டர்டுக்கு "ஓரக்கோல்" சரியா வருமா?

ஐயா, வணக்கம். டபுள் ஸ்டாண்டர்டுக்குத் தமிழ்ச் சொல்லா நீங்க சொன்ன "இரட்டை அளவுகோல்" பத்தி ராத்திரி பூரா யோசிச்சேன், மனசு ஒப்பல. "இரட்டை வேடம்" வேணாம்னு நீங்க சொன்னது ரொம்ப சரி, அது ஆளோட மனசுல கள்ளம் இருக்குன்னு சொல்ற சொல்லு, நமக்கு வேண்டியது அளக்குற முறைல இருக்குற கோளாறுக்கு ஒரு பேரு.

ஆனா கோல் ரெண்டா இருக்குறதே தப்பா? இஸ்ரேல் விஷயத்தையே எடுங்க. ஜெனீவாவுல ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2007-ல நிகழ்ச்சி நிரலை நிரந்தரமா வகுத்தப்போ பாலஸ்தீனத்துல இஸ்ரேல் நடந்துக்கிறத பேசன்னு ஏழாவது பொருளா தனி இடம் வெச்சாங்க, சிரியா வடகொரியா எல்லாம் நாலாவது பொருள்ல பொதுவா வரும். அப்ப பொதுச்செயலாளரா இருந்த பான் கி மூனே இதுல ஏமாற்றம்னு சொன்னாரு. 1967-லேந்து நீடிக்கிற இஸ்ரேலோட ஆக்கிரமிப்பு, அதனால தனி இடம் நியாயம்தான்னு வாதாடுறவங்களும் இருக்காங்க. எனக்கு என்னவோ கோல் சாஞ்ச மாதிரிதான் படுது.

இன்னொண்ணு பாருங்க. 2004-ல பெய்ட் சூரிக்ங்கிற பாலஸ்தீன கிராமத்து ஜனங்க இஸ்ரேல் கட்டுன தடுப்புச்சுவர எதிர்த்து வழக்கு போட்டாங்க, பாதுகாப்பு லாபத்தவிட அவங்க நிலத்துக்கும் பொழப்புக்கும் வர்ற சேதம் அதிகம்னு சொல்லி இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே சுமார் 30 கிலோமீட்டர் பாதைய ரத்து பண்ணுச்சு. ஜனநாயகம்னு சொல்லிக்கிற நாடு தனக்குத்தானே போட்டுக்கிட்ட கோல் அது, அத வெச்சு வெளியாள் கேள்வி கேட்டா ஓரவஞ்சனைன்னு எப்படி சொல்றது? இதுக்கு "உயர்கோல்"னு தனியா ஒரு சொல் வேணும். "இரட்டை"ன்னு போட்டா இந்த ரெண்டும் ஒண்ணாயிடுது.

அதனாலதான் "ஓரக்கோல்"ங்கிறேன். ஓரம் பேசுறது, ஓரவஞ்சனை எல்லாம் எல்லார் வாயிலயும் இருக்கு, செங்கோல் கொடுங்கோல் வரிசைல காதுக்கும் பழகுன ஓசை. கோல்னா குச்சின்னு நெனைப்பாங்கன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, துலாக்கோல் இருக்கே. "இந்த அறிக்கை ஓரக்கோல் கொண்டு அளக்குது"ன்னு எழுதிப் பாத்தேன், நல்லா உக்காருது.

ஒரே பயம், இந்த சொல் கெடச்சதும் எந்த விமர்சனம் வந்தாலும் "ஓரக்கோல்"னு சொல்லி வாய அடைப்பாங்க, செத்தவங்க கணக்கு கேக்குறவன்கிட்ட கூட. அதனால சொல்லோட விளக்கத்துல "ஒத்த செயலை, ஒத்த சூழலில், வேறு கோலால் அளத்தல்"னு போடுங்க ஐயா, "ஒத்த"ங்கிற சொல் ரெண்டையும் எக்காரணம் கொண்டும் விட்டுடாதீங்க.