படக்கதைக்கு உதவி: 1850 சின்சினாட்டி ஆற்றங்கரை, பீப்பாய்க்காரர், அக்கம்பக்கத்துத் தொழிலாளிகள்

கோட்டோவியன்_ராயபுரம்

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரத்துப் படிப்பகப் பிள்ளைகளுக்காக ஒரு படக்கதை வரைகிறேன். களம் அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் வடகரையில் இருக்கும் சின்சினாட்டி. காலம் 1850 நவம்பரிலிருந்து 1851 மார்ச் வரை. கதாநாயகன் பீப்பாய் செய்பவரிடம் வேலை பழகும் பையன். கதை கையில் இருக்கிறது, படம்தான் தடுமாறுகிறது.

படகுத்துறையைக் கல் கட்டிய மேடையாகப் போடலாமா? பீப்பாய்ப் பட்டறையில் எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பார்கள்? பையன் தெருவில் வேறு யார் யார் இருந்திருப்பார்கள்? அட்டைக்குப் பின்னணியில் அந்த ஊர் தொங்குபாலத்தைப் பென்சிலில் போட்டிருக்கிறேன், அது சரிதானா என்றும் சொல்லுங்கள்.

வண்ணை_காலண்டர்

தம்பி, முதலில் பாலத்தை அழிச்சிடுங்க. வேலை தொடங்கினதே 1856ல. நடுவில் பணமுடை, அப்புறம் உள்நாட்டுப் போர். மக்கள் நடந்து போனது 1866 டிசம்பரில்தான். நடு இடைவெளி 1,057 அடி. உங்க கதை நடக்கிற காலத்தில் எதிர்க்கரை கவிங்டனுக்கும் நியூபோர்ட்டுக்கும் போக நீராவி ஓடம் மட்டும்தான்.

அதே மாதிரி வரையக்கூடாதது இன்னும் சில. நீராவியில் ஓடும் தீயணைப்பு எந்திரம் 1853க்கு அப்புறம். அதுவரை தன்னார்வக் குழுக்கள் கையால் அடிக்கும் பம்புதான். தெருவில் குதிரை டிராம் 1859. தையல்காரி வீட்டில் தையல் எந்திரம் வேண்டாம், சிங்கர் காப்புரிமை வாங்கினதே 1851ல. ரயில் மட்டும் தாராளமா போடலாம். லிட்டில் மயாமி பாதை 1846லேயே ஸ்பிரிங்ஃபீல்டு வரை போயிடுச்சு. நம்ம ராயபுரம் ஸ்டேஷன் திறக்க அதுக்கப்புறம் பத்து வருஷம் ஆச்சு.

படகுத்துறைக்கு மேடை போடாதீங்க. கோடைக் கடைசியில் ஆறு முழங்கால் ஆழத்துக்கு வத்தும், வெள்ளம் வந்தா ஏறிக்கிட்டே போகும். 1832 வெள்ளத்தில் 64 அடி, 1884ல 71 அடி. அந்த ஏற்ற இறக்கத்துக்கு எந்த உயரத்தில் மேடை கட்டுவீங்க? அதனால கரை முழுக்கக் கல் பாவின சரிவு. நீர் எங்கே நிக்குதோ அங்கே படகு மூக்கைச் சாய்ச்சு நிக்கும், பலகை போட்டு இறக்குவாங்க. சரிவோட அடியில் மிதக்கும் கிடங்குப் படகுகளும் கட்டியிருக்கும், ஆறு ஏற ஏற அதுவும் ஏறும். சரக்கை மேலே இழுக்க ரெண்டு சக்கரக் குதிரை வண்டி.

படமாகவே பார்க்கணும்னா 1848 செப்டம்பர் 24ஆம் தேதி ஃபோன்டெய்ன், போர்ட்டர்னு ரெண்டு போட்டோக்காரங்க நியூபோர்ட் பக்கத்திலிருந்து எடுத்த அகலப்படம் இருக்கு. எட்டு வெள்ளி பூசின செப்புத் தகடு, சுமார் ரெண்டு மைல் கரை. சின்சினாட்டி பொது நூலகம் வலையில் போட்டிருக்கு. பெருசாக்கினா கடைப் பலகை எழுத்து, சலவைத் துணி, கோபுரக் கடிகார முள்ளு வரைக்கும் தெரியும். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத் தகட்டுப் படங்கள் பல இடவலம் மாறியிருக்கும். எதைப் பார்த்து வரைஞ்சாலும் பெயர்ப்பலகை எழுத்து நேரா இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் பென்சிலை எடுங்க.

காசிமேடு_வாச்சி

பீப்பாய்ப் பட்டறைக்கு என் பங்கு. இதில் கொஞ்சம் நீளமாகத்தான் போவேன், ஏனென்றால் படங்களில் பெரும்பாலும் இதைத்தான் தப்பாகப் போடுகிறார்கள்.

பீப்பாய்க்கு ஆணி கிடையாது, பசை கிடையாது. மரப்படகுக்குப் போடுவதுபோல கலப்பத்தும் கிடையாது. பலகையோடு பலகை ஒட்டும் கோணமும் வெளியே இறுக்கும் வளையமும்தான் நீரைத் தாங்குகின்றன. அதனால் பையனின் பழகுகாலத்தில் பாதி அந்த விளிம்புக் கோணத்திலேயே போய்விடும்.

மரம் வெள்ளை ஓக். செவ்வோக் ஆகாது. அதன் துளைகள் திறந்தே இருக்கும். ஒரு முனையில் வாய் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும். இறைச்சி ஊறும் உப்புநீர் அதன் வழியே கசிந்துவிடும். வெள்ளை ஓக்கின் வைரத்தில், அதாவது முற்றிய நடுமரத்தில், துளைகள் தாமாகவே அடைபட்டிருக்கும். வெளிப்பக்கத்து இளமரம் ஒரு விரல் அகலம் கலந்தாலும் அந்தப் பலகை ஒழுகும். நல்ல பலகையை வாளால் அறுக்காமல் மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பிளப்பார்கள், அப்போதுதான் நார் அறுபடாது. பிறகு இடைவெளி விட்டு அடுக்கி, மாதக்கணக்கில் காற்றில் காயவிடுவார்கள். பட்டறை வாசலில் இந்த அடுக்கு இல்லாமல் வரையவே கூடாது.

அடுத்து உருவம். காலால் மிதித்தால் பலகையைக் கவ்விக்கொள்ளும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடி உள்ள கத்தியைத் தன் பக்கம் இழுத்து வெளிமுகத்தை வளைவாகவும் உள்முகத்தைக் குழிவாகவும் சீவுவார். பலகை நடுவில் அகலம், இரு முனையிலும் ஒடுக்கம். விளிம்பு சீவுவதைக் கவனியுங்கள். நம் ஆசாரி மரத்தை வைத்து இழைப்புளியைத் தள்ளுவார், இவர்களிடம் அது தலைகீழ். ஐந்தாறு அடி நீள இழைப்புளி, அலகு மேலே பார்த்தபடி, ஒரு முனை மரக்கால்களில் ஊன்றி மறுமுனை தரையில் சாய்ந்திருக்கும். பலகையைத்தான் அதன்மேல் தள்ளுவார்கள். கோணத்துக்கு அளவுகோல் வைப்பவர் குறைவு, கண்தான்.

பலகைகளை ஒரு வளையத்துக்குள் நிறுத்தி, கடைசிப் பலகை இறுகும்வரை அடுக்குவார்கள். இப்போது மேல்முனை சேர்ந்தும் கீழ்முனை பாவாடைபோல விரிந்தும் நிற்கும். பலகைக்கு நீர் தெளித்து, உள்ளே சிறு இரும்புக் கூடையில் சீவலை எரித்துச் சூடேற்றுவார்கள். மரம் வளையப் பதமானதும் விரிந்த முனையைக் கயிறு சுற்றிச் சுழல்கட்டையால் இழுத்து அடுத்த வளையத்தை ஏற்றுவார்கள். அவசரப்பட்டு இழுத்தால் வயிற்றுப் பகுதியில் பலகை விரிசல் விடும். தீ மிஞ்சினால் உட்புறம் கொப்புளிக்கும்.

முனையை வாச்சியால் சரித்து, உள்விளிம்பையொட்டி ஒரு காடி வெட்டுவார்கள். மூடி அந்தக் காடியில்தான் உட்காரும். மூடியின் அளவு எடுப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்: கவராயத்தைக் காடியின் மேல் சுற்றி வைத்துக்கொண்டே போக வேண்டும், சரியாக ஆறு தடவையில் தொடங்கிய இடத்துக்கு வந்தால் அந்தத் திறப்புதான் மூடியின் ஆரம். மூடிப் பலகைகளை மரமுளையால் சேர்த்து, இடுக்கில் காய்ந்த கோரை வைப்பார்கள். வளையத்தைக் கொஞ்சம் தளர்த்தி மூடியை இறக்கி மறுபடி அடித்து இறுக்கினால் முடிந்தது. உள்ளே சிறிது கொதிநீர் ஊற்றி அடைப்பானைப் போட்டுக் குலுக்கினால் ஆவி எங்கே தப்புகிறதோ அங்கே ஒழுகல்.

இறைச்சிப் பீப்பாய்க்கு வளையம் பெரும்பாலும் ஹிக்கரி மரக்கொம்பைப் பிளந்தது, முனைகளில் வெட்டிய காடியில் ஒன்றோடொன்று கோத்து மாட்டியிருக்கும். எல்லாவற்றிலும் பளபளவென்று இரும்புப் பட்டை போட்டுவிடாதீர்கள்.

கோட்டோவியன்_ராயபுரம்

அண்ணே, இது போதும், மூன்று பக்கம் வரைந்துவிடுவேன். இறைச்சிப் பீப்பாய் என்றீர்களே, ஒரு ஆள் தோளில் தூக்கிப் போவதாகப் போடலாமா? பன்றி வேலை எங்கே, எப்படி நடக்கும்? பன்றித்தோலில் செருப்புத் தைக்கும் ஒருவரையும் தெருவில் வைத்திருக்கிறேன்.

பெரியமேடு_மண்டி

செருப்புக்காரர் இருக்கட்டும், தோலை மாத்துங்க. அங்கே பன்றியை உரிக்க மாட்டாங்க. சுமார் 65 டிகிரி சூட்டு நீரில் முக்கி, மயிரைச் சுரண்டி, தோலோடுதான் உப்பில் போடுவாங்க. நீர் அதுக்கு மேல சூடானா மயிர் இறுகிப்போய் வராது. செருப்புக்கு மாட்டுத்தோல். சுண்ணாம்புக் குழியில் ஊறவெச்சு மயிர் கழிச்சு, பறவை எச்சம் கரைச்ச நீரில் சுண்ணாம்பைப் போக்கி, அப்புறம் இடிச்ச ஓக் பட்டையும் தோலும் மாறி மாறி அடுக்கி மாசக்கணக்கில் குழியில் கிடக்கும். நம்ம பக்கம் ஆவாரம்பட்டை செய்யற வேலைதான். கனமான அடித்தோல்னா ஒரு வருஷம்கூட ஆகும்.

தோளில் தூக்க முடியாது. இறைச்சி மட்டும் 200 பவுண்டு, அதாவது 90 கிலோ. மேலே உப்பு, நீர், மரம். உருட்டுவாங்க; வயிறு புடைச்சிருக்கிறதால ஒத்தை ஆள் எந்தப் பக்கம் வேணாலும் திருப்பலாம். மாவுப் பீப்பாய் 196 பவுண்டு.

பன்றி வேலை குளிர்காலத்தில் மட்டும். ஐஸ் எந்திரம் இல்லாத காலம். நவம்பரில் கிராமங்களிலிருந்து மந்தை மந்தையாக நடத்தியே கொண்டு வருவாங்க. அந்த ஆண்டுகளில் ஒரு பருவத்துக்கு 3 லட்சத்துக்கு மேல. வெட்டறது ஊருக்குக் கிழக்கே டீர் கிரீக் ஓடைப் பக்கம், ஓடை சிவந்து ஓடும். அறுத்ததை ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு ஆறவெச்ச பிறகுதான் பொதியும் கிடங்குக்கு வண்டியில் போகும். சூடு ஆறாம உப்பில் போட்டா எலும்பையொட்டிப் புளிச்சிடும், பீப்பாயே வீண். நடுவில் நாலு நாள் வெயில் அடிச்சா வேலை நின்னுடும். ஆறு உறைஞ்சா படகு நிக்கும். அதனால ஜனவரி, பிப்ரவரியில் கரையில் பீப்பாய் மலைமலையா குவிஞ்சிருக்கிற மாதிரி வரைங்க, பனி உடைஞ்சு படகு ஓடும்போது அந்தக் குவியல் கரையும்.

மிச்சம் எதுவும் தெருவில் கொட்டாது. மயிர் பிரஷ் செய்யறவருக்கு. கொழுப்பை உருக்கி, குளிரவெச்சு, பையில் போட்டு அழுத்தினா எண்ணெய் வெளியே வரும், விளக்குக்கும் எந்திரத்துக்கும் அது. பையில் நிக்கிற கெட்டி மெழுகுவத்திக்காரருக்கு. மட்டமான கொழுப்பு சோப்புக்காரருக்கு. அவர் மரச் சாம்பலைச் சுண்ணாம்போடு தொட்டியில் கட்டி நீர் வடிச்சுக் காரம் எடுப்பார். முட்டை மிதந்தா காரம் பதம். கொழுப்போட காய்ச்சினா வர்றது கொழகொழ சோப்பு, அதில் உப்பைக் கொட்டினாதான் கெட்டிப்பட்டு மேலே பிரியும். மெழுகுவத்திக்காரர் வில்லியம் புராக்டரும் சோப்புக்காரர் ஜேம்ஸ் காம்பிளும் அக்கா தங்கையைக் கட்டினவங்க. மாமனார் யோசனை சொல்ல 1837ல கூட்டுச் சேர்ந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கொழுப்புதானே வேணும்!

கொருக்குப்பேட்டை_ஏடு

தெருவில் யார் இருந்தார்கள் என்பதை ஊகிக்க வேண்டாம், பார்த்தே எழுதலாம். இரண்டு ஏடு போதும்.

ஒன்று வில்லியம்ஸ் நகர டைரக்டரி, 1849இலிருந்து வருகிறது. பெயர், தொழில், முகவரி அகரவரிசையில் இருக்கும். முகவரிக்கு முன் 'எச்' என்றால் சொந்தக் குடித்தனம், 'பிடிஎஸ்' என்றால் யார் வீட்டிலோ சாப்பாட்டோடு தங்குகிறார். பழகும் பையன்கள் பெரும்பாலும் முதலாளி வீட்டில்தான், அவர்கள் பெயர் வரவே வராது. கணவன் உள்ள பெண்களும் வர மாட்டார்கள். விதவை என்றால் 'விட்' என்று போட்டு இறந்த கணவர் பெயரோடு வரும். கறுப்பர் பெயருக்குப் பக்கத்தில் நிறம் சொல்லும் குறி இருக்கும். ஜெர்மானியர் பெயர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது: மியூல்லர் மில்லர் ஆவார், ஷ்மிட் ஸ்மித் ஆவார். ஒரு பெயர் அடுத்த பதிப்பில் காணோம் என்றால் ஆள் செத்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். வாடகைவீடு மாறியிருப்பார், எழுத்து மாறியிருக்கும், கணக்கெடுப்பவர் வந்த அன்று வேலைக்குப் போயிருப்பார். வீட்டு எண்ணை இன்றைய வரைபடத்தில் தேடாதீர்கள், நம் ஊர் பழைய எண், புதிய எண் சங்கதிதான். மூலைக்கடைகளை இரு தெருப் பெயரால் பிடிப்பதே நம்பகம்.

இரண்டாவது 1850 மக்கள்தொகைக் கணக்கு. அடிமையல்லாத ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் குறித்த முதல் கணக்கு அது. வயது, நிறம், பிறந்த இடம், 15 வயதுக்கு மேற்பட்ட ஆணின் தொழில், நிலமதிப்பு எல்லாம் உண்டு. பெண்ணின் தொழிலுக்கு அதில் இடமில்லை. அதனால் வீட்டில் ஆயத்த ஆடை தைத்துக் கொடுத்தவர்களும் துணி வெளுத்தவர்களும் ஏட்டில் மறைந்துவிடுவார்கள். உங்கள் தெருவில் அவர்களை மறக்காமல் வையுங்கள். கூடவே தொழிற்கூடக் கணக்கு தனி. ஆண்டுக்கு 500 டாலருக்கு மேல் சரக்குச் செய்த பட்டறை ஒவ்வொன்றுக்கும் மூலப்பொருள், ஆள் எண்ணிக்கை, கூலி, கையா நீராவியா என்பது வரை இருக்கும். ஒரு பீப்பாய்ப் பட்டறையை எடுத்து அந்த வரியை அப்படியே படமாக்கலாம்.

ஊர் மக்கள்தொகை 1,15,435. ஊருக்குள் ஓடிய கால்வாய்க்கு வடக்கே ஜெர்மானியர் பகுதி. கால்வாயை ரைன் நதி என்று கேலியாகச் சொல்லி, அந்தப் பகுதிக்கு 'ரைனுக்கு அப்பால்' என்றே பெயர் வந்துவிட்டது. கிழக்கில் பிராட்வே தெருவை ஒட்டிக் கறுப்பர் பலர். ஹென்றி பாய்டை ஒரு படக்கட்டத்திலாவது காட்டுங்கள். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து, உழைத்துத் தன்னையே விலைகொடுத்து மீட்டவர். பிராட்வே, எட்டாம் தெரு மூலையில் கட்டில் பட்டறை வைத்து, கறுப்பரையும் வெள்ளையரையும் சேர்த்தே வேலைக்கு வைத்திருந்தார். அவர் கட்டிலின் குறுக்குக்கட்டைகளுக்கு ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி திருகு; கட்டையைத் திருப்பினால் இரு கால்களும் ஒருசேர இறுகும், ஆட்டம் இல்லை, மூட்டைப்பூச்சி ஒளிய இடுக்கும் குறைவு. 1833 காப்புரிமை ஒரு வெள்ளையர் பெயரில் எடுக்கப்பட்டது. போலி வராமலிருக்கக் கட்டிலில் தன் பெயரை முத்திரை குத்தினார். பட்டறைக்குப் பலமுறை தீ வைத்தார்கள், கடைசியில் காப்பீடும் மறுத்தார்கள், 1860களில் மூடிவிட்டார்.

கோட்டோவியன்_ராயபுரம்

ஏடு சார், எதிர்க்கரைதான் கென்டக்கி, அப்போது அடிமை முறை இருந்த மாநிலம். அங்கிருந்து தப்பி, அடிமை முறை இல்லாத ஓஹாயோ மாநிலப் பக்கம், அதாவது சின்சினாட்டிக்கு, வந்தவர் பத்திரமாக இருந்தாரா? பையனும் ஆசானும் ஒருவரை ஒளித்துவைக்கும் காட்சி உண்டு.

கொருக்குப்பேட்டை_ஏடு

இல்லை. 1850 செப்டம்பரில் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்துவிட்டது. பிடிக்க வந்தவருக்குக் கூட்டரசு அதிகாரிகளும், அவர்கள் கூப்பிட்டால் ஓஹாயோ ஊர்மக்களும் உதவ வேண்டும். ஒளித்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை இல்லை, தன் சார்பில் சாட்சி சொல்லவும் முடியாது. உங்கள் கதை நவம்பரில் தொடங்குவதால் ஆசான் இதை அறிந்தே துணிகிறார் என்றாகிறது. தங்கவைத்தால் போதாது, வடக்கே கனடா நோக்கி அனுப்ப வேண்டும்.

காசிமேடு_வாச்சி

ஒளித்துவைப்பது பீப்பாய்க்குள் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். 200 பவுண்டு பீப்பாயில் ஆள் கொள்ளாது. வாசலில் காயும் பலகை அடுக்கை நாலு பக்கமும் உயர்த்தி நடுவில் குழி விட்டால் இரண்டு பேர் உட்காரலாம், வெளியிலிருந்து பார்த்தால் வழக்கமான அடுக்காகத்தான் தெரியும். காற்றுக்கென்று விட்ட இடைவெளி எப்படியும் இருக்கிறது.