பக்கத்திலேயே சின்ன விமான நிலையம் இருக்கிறது, இருந்தும் பெரிய நிலையத்துக்கே போகலாமா?

நடு_இருக்கை:

வணக்கம். அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் தேய்மானம், நூறு அடி நடந்தால் உட்கார இடம் தேடுவார். வீட்டிலிருந்து 40 நிமிடத்தில் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் நடுவில் வேறொரு பெரிய நிலையத்தில் மாறி ஏற வேண்டும், மாறுவதற்குக் கிடைப்பது 1 மணி 25 நிமிடம். இன்னொரு வழி, ஐந்து மணி நேரம் காரில் போய் இந்தப் பக்கத்துப் பெரிய நிலையத்தில் நேரடி விமானம் பிடிப்பது. நேரடி விமானத்துக்கு டிக்கெட் விலை கொஞ்சம் குறைவு, ஆனால் காருக்கும் முந்தின ராத்திரி தங்குவதற்கும் ஆகிற செலவைச் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. அதனால் பணக் கணக்கை விட்டுவிடலாம்.

எனக்கு மனசு சின்ன நிலையத்தின் பக்கம்தான் போகிறது. போன வருடம் ஒரு வேலையாக அங்கிருந்து போனேன், வாசலில் இறங்கி, செக்யூரிட்டி முடித்து, கேட் பக்கத்தில் உட்கார்ந்தது வரை 14 நிமிடம். வரிசையில் எனக்கு முன்னால் நான்கே பேர், அதில் ஒருவர் அங்கேயே வேலை பார்ப்பவர். ஆனால் அண்ணன், "சின்ன இடத்தில் விமானம் கேன்சல் ஆனால் நடுத்தெருவில் நிற்பாய்" என்கிறார். யார் சொல்வது சரி?

வழித்துணை:

சின்னதுக்கே என் ஓட்டு. முழங்கால் வலிக்காரரை ஐந்து மணி நேரம் காரில் காலை மடக்கி உட்கார வைத்துக் கூட்டிப்போய், அப்புறம் பெரிய நிலையத்தில் வரிசை வரிசையாக நிறுத்தி, அதற்கும் மேலே நீண்ட தூர விமானத்தில் ஏற்றினால், போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் படுக்கைதான்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தங்கை ஊர்ப் பக்கம் இறங்கும் நிலையம் எது என்று. நம் பக்கம் சின்னது என்றால் வீட்டுக்கு அருகில், அந்தப் பக்கம் சின்னது என்றால் சில நேரம் காட்டுக்கு நடுவில். ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் என்று பெயர் இருக்கும், ஆனால் அது ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பழைய அமெரிக்க விமானப்படைத் தளம். பாரிஸ் போவே என்று பார்த்து பாரிஸ்தானே என்று இறங்கினால் இன்னும் 85 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று இப்படி ஒரு டிக்கெட்டை நானும் வாங்கி, மிச்சம் பிடித்த பணத்தை அப்படியே டாக்ஸிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கவுன்ட்டர்_பக்கம்:

11 வருடம் செக்-இன் கவுன்ட்டருக்கு உள்பக்கம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் அண்ணன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. நிலையம் பெரிதா சின்னதா என்று பார்ப்பதைவிட, உங்கள் விமானம் போய்விட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அதே ஊருக்கு ஒரு நாளைக்கு நான்கு விமானம் போகிற சின்ன நிலையம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஒரே ஒரு விமானம், அதுவும் வாரத்தில் மூன்று நாள் என்றால் நானே போகமாட்டேன்.

இரண்டாவது, நாளின் முதல் விமானத்தைப் பிடியுங்கள். சின்ன நிலையங்களில் விமானம் பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து வந்து, ஆளை இறக்கி, அரை மணியில் திரும்பிப் போகும். அது காலையிலிருந்து நாலு ஊர் சுற்றிவிட்டு வருகிறது என்றால் ஒவ்வொரு ஊரிலும் பட்ட தாமதம் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு உங்கள் தலையில் வந்து இறங்கும். ராத்திரியே வந்து அங்கேயே நிற்கிற விமானம் காலையில் கிளம்பினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா, ஒரே பிஎன்ஆரா? ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் வெறுமனே நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான்.

1 மணி 25 நிமிடம் என்பது வீல்சேருக்குப் போதாது. டிக்கெட் போடும் கணினி பார்ப்பது அந்த நிலையத்துக்கென்று வைத்திருக்கும் குறைந்தபட்ச மாறும் நேரத்தை மட்டும்தான், அப்பாவின் முழங்கால் அதற்குத் தெரியாது. வீல்சேர் பயணியைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். எல்லோரும் இறங்கி, ஆள் வந்து, லிஃப்ட் பிடித்து, டெர்மினல் மாறி, இமிக்ரேஷன், திரும்பவும் செக்யூரிட்டி. இரண்டாவது விமானத்தின் கேட்டை கிளம்பும் நேரத்துக்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதையும் கழித்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் இருக்கிற மாதிரி வேறு கனெக்‌ஷன் கேளுங்கள்.

நடு_இருக்கை:

அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு டிக்கெட் பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்த்தேன். நல்ல வேளை, இன்னும் பணம் கட்டவில்லை. கீழே பொடி எழுத்தில் "பயணியே லக்கேஜை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும்" என்று இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டி விற்கிறார்கள், அப்படித்தானே?

கவுன்ட்டர்_பக்கம்:

அதேதான். தொடவே தொடாதீர்கள். லக்கேஜ் பெல்ட்டில் வரும்வரை நின்று, அதைத் தள்ளிக்கொண்டு அடுத்த கவுன்ட்டருக்குப் போவதற்குள் அந்தக் கவுன்ட்டர் மூடியிருக்கும். விமானக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் ஒரே பயணமாகத் தேடுங்கள். இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருந்தாலும் ஒப்பந்தம் இருந்தால் ஒரே டிக்கெட்டில் வரும், பெட்டியும் கடைசி ஊர் வரை போகும். பெட்டியில் ஒட்டும் சீட்டில் மூன்று எழுத்துக் குறியீடு இருக்கும், அது தங்கை ஊர் நிலையத்தின் குறியீடுதானா என்று கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நாங்களும் மனிதர்கள்தான், அதிகாலை நான்கு மணிக்குத் தப்பான சீட்டு ஒட்டியிருக்கிறோம்.

பனிமூட்டம்:

பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், நான் எந்தக் கட்சி என்று. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சின்ன நிலையத்தில் மாட்டினேன். காலை ஆறு மணி விமானம், வெளியே வெள்ளைத் துணி போர்த்திய மாதிரி பனி. எங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் தலைக்கு மேலே வட்டமடிக்கிற சத்தம் கேட்கிறது, ஆனால் இறங்கவில்லை. இரண்டு தடவை தாழ வந்து தாழ வந்து மேலே ஏறிப் போய்விட்டது, அப்புறம் சத்தமே இல்லை, வேறு ஊரில் போய் இறங்கிவிட்டது.

காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐஎல்எஸ் என்கிற தரையிறங்கும் கருவியில் நிலைகள் உண்டு. முதல் நிலைக் கருவி மட்டும் இருந்தால் ரன்வேயில் 550 மீட்டராவது தெரிய வேண்டும், 200 அடிக்கு இறங்கியும் விளக்கு கண்ணில் படவில்லை என்றால் விமானி மேலே தூக்கிவிட வேண்டியதுதான். பெரிய நிலையங்கள் பலவற்றில் மூன்றாம் நிலை இருக்கும், அதைவிட வெகு குறைவாகத் தெரிந்தாலும் இறங்கலாம். சின்ன இடங்களில் முதல் நிலையோடு நிறுத்திவிடுவார்கள், சில இடங்களில் ஐஎல்எஸ்ஸே கிடையாது.

அன்றைக்கு நடந்ததில் என்னை வதைத்தது பனிகூட இல்லை. ஒரே ஒரு கவுன்ட்டர், ஒரே ஒரு பையன், அவனுக்கும் எதுவும் தெரியாது. அடுத்த விமானம் மறுநாள் மதியம். சாயங்காலம் ஏழரைக்கு விளக்கையெல்லாம் வரிசையாக அணைத்துக்கொண்டு வந்தார்கள், காபி மெஷினைக்கூட பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். பனிக்காலம் என்றால் பெரிய நிலையம்தான், என்னைக் கேட்டால்.

ராத்தூக்கம்:

பனிமூட்டம் சொல்வது சரி, ஆனால் பெரிய நிலையத்தை ரொம்பவும் தூக்கி வைக்க வேண்டாம். விமானம் நிறைய இருக்கிறது என்பதும், அதில் உங்களுக்கு இடம் இருக்கிறது என்பதும் வேறு வேறு. லண்டன் ஹீத்ரோவில் இருப்பது இரண்டே ரன்வே, வருடத்துக்கு 4,80,000 விமானங்கள் என்று உச்சவரம்பு, அந்த வரம்பை ஒட்டியேதான் ஓட்டுகிறார்கள். இவ்வளவு நெருக்கமாக ஓட்டினால் காலையில் ஒரு மணி நேரம் காற்று சரியில்லை என்றாலும் ராத்திரி வரை அதன் வால் நீளும். 2022 கோடையில் ஆள் பற்றாக்குறையால் அங்கே ஒரு நாளைக்கு 1 லட்சம் பேர்தான் கிளம்பலாம் என்று கட்டுப்பாடே போட்டார்கள். அந்த மாதிரி நாளில் 300 பேர் ஒரு கவுன்ட்டர் முன்னால் நிற்கும்போது "இங்கே விமானம் நிறைய" என்பது யாருக்கு ஆறுதல்?

சின்ன நிலையத்தில் அந்த ஒரு பையனாவது உங்கள் முகத்தை ஞாபகம் வைத்திருப்பான்.

பனிமூட்டம்:

முகம் ஞாபகம் இருந்தது உண்மைதான், மறுநாள் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான் :)

பெட்டி_ரெண்டு:

யாருமே படிக்கட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. தம்பி, உங்கள் சின்ன நிலையத்தில் ஏரோபிரிட்ஜ், அதாவது கட்டடத்திலிருந்து நேரே விமானக் கதவுக்குப் போகிற நடைபாலம், இருக்கிறதா? இல்லையென்றால் வெயிலிலோ மழையிலோ நடந்து போய்ப் படியேற வேண்டும். ஏடிஆர் 72 மாதிரி 70 பேர் போகிற விமானம் என்றால், பின்பக்கக் கதவே மடிந்து படிக்கட்டாக இறங்கும், ஏழெட்டுப் படிக்குள்தான் இருக்கும், ஆனால் குறுகல், செங்குத்து. என் அம்மாவை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்றினார்கள். அம்மாவுக்கு வலியைவிடக் கூச்சம்தான் அதிகம், எல்லோரும் ஜன்னல் வழியே பார்க்கிறார்களே என்று புடவை முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார்.

ஆம்புலிஃப்ட் என்று ஒரு வண்டி உண்டு, லாரி மேல் ஒரு அறை மாதிரி, அப்படியே விமானக் கதவு வரை தூக்கும். சின்ன நிலையத்தில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். வீல்சேரை டிக்கெட்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது. "வீல்சேர்" என்று மட்டும் சொன்னால் போதாது, படியேற முடியுமா முடியாதா என்று தனித்தனி வகை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, அந்த விமானத்தில் மேலே இருக்கிற பெட்டித் தட்டு சின்னது. உங்கள் கைப்பெட்டியை வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள், அப்பாவின் மாத்திரையை அதில் வைக்காதீர்கள்.

வழித்துணை:

அக்கா சொன்ன மாத்திரை விஷயம் தங்கமான யோசனை. பெட்டி வராமல் போனால் இறங்கிய ஹாலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதி நம்பர் வாங்கிவிடுங்கள். 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

தங்கை அமெரிக்காவிலா? அங்கே முதலில் இறங்கும் நிலையத்தில்தான் இமிக்ரேஷன், பொதுவாகப் பெட்டியையும் எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் சின்ன நிலையம் ஜெயித்த கதை ஒன்று உண்டு. அயர்லாந்தின் ஷானன் சின்ன நிலையம்தான், ஆனால் 2009 முதல் அமெரிக்க இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாவற்றையும் ஏறுவதற்கு முன்பே அங்கேயே முடித்துவிடுவார்கள். அதே வருடம் லண்டன் சிட்டி நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கு 32 இருக்கை வைத்து ஏ318 என்கிற சின்ன ஏர்பஸ் விமானம் ஒன்றை விட்டார்கள். ரன்வே 1,500 மீட்டர்தான், முழு எரிபொருளோடு எழும்ப முடியாது. அதனால் ஷானனில் இறங்கி எரிபொருள் போடுவார்கள், அந்த நேரத்தில் பயணிகள் இமிக்ரேஷனை முடித்துவிடுவார்கள், நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணி மாதிரி நேரே வெளியே. 2020 வரை ஓடியது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நடு_இருக்கை:

தங்கை அமெரிக்காவில் இல்லை, ஆனாலும் கதை நன்றாக இருந்தது. எல்லோருக்கும் நன்றி. கம்பெனித் தளத்தில் தேடியதில் ஒரே டிக்கெட்டில், காலை 6.50 விமானம், நடுவில் 3 மணி 10 நிமிடம் என்று கிடைக்கிறது. நடுவில் மாறுகிற ஊருக்குச் சின்ன நிலையத்திலிருந்து ஒரு நாளைக்கு மூன்று விமானம். போவது பனி இல்லாத மாதம்.

சிக்கல் திரும்பி வருவதில்தான். நடு நிலையத்திலிருந்து எங்கள் சின்ன நிலையத்துக்கு வரும் கடைசி விமானம் ராத்திரி, அதை விட்டால் மறுநாள் காலைதான். வரும்போது மட்டும் பெரிய நிலையத்துக்கு நேரடியாக வந்து, அங்கே ஒரு ராத்திரி தூங்கிவிட்டுக் கிளம்பலாமா? போக வர டிக்கெட் எடுத்துவிட்டு, வரும்போது கடைசி விமானத்தில் மட்டும் ஏறாமல் நடு நிலையத்திலேயே இறங்கிவிடலாம் என்றும் ஒரு நண்பன் சொல்கிறான்.

கவுன்ட்டர்_பக்கம்:

நண்பன் சொல்வதைக் கேட்காதீர்கள். பெட்டி கடைசி ஊருக்குப் போய்விடும், நீங்கள் நடுவில் நிற்பீர்கள். போகும்போது இதைச் செய்தால் இன்னும் மோசம், முதல் விமானத்தில் ஏறவில்லை என்றால் மீதிப் பயணம் முழுவதும், திரும்பி வருவது உட்பட, தானாக ரத்தாகிவிடும். ஒரு நிலையத்தில் கிளம்பி வேறொன்றில் வந்து இறங்குகிற மாதிரியே ஒரே டிக்கெட் போடலாம், தளத்தில் "பல ஊர்கள்" என்ற இடத்தில் தேடுங்கள். இரண்டு ஒருவழி டிக்கெட்டைவிடப் பெரும்பாலும் அதுதான் மலிவாக வரும்.

திரும்பி வரும்போது நேரடி விமானம், ஒரு ராத்திரி தூக்கம். சரியான யோசனை.

பெட்டி_ரெண்டு:

ஆம்புலிஃப்ட் கேட்டீர்களா தம்பி?

நடு_இருக்கை:

கேட்டேன் அக்கா. வண்டி இருக்கிறதாம், ஓட்டுகிறவர் காலை ஷிஃப்டில் இருக்கிறாரா என்று பார்த்து நாளைக்குச் சொல்கிறேன் என்றார்கள். அது தெரிந்த பிறகுதான் பணம் கட்டப் போகிறேன்.